199.4 பெரிதா, 199.2 பெரிதா?

கேள்வியை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அலபாமா பல்கலைக்கழகத்தில் படிக்கிறீர்கள். உங்கள் அறை நண்பர் ஓக்லஹோமாவில் பட்டம் பெற்று வந்தவர். 2018 அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) சீசனைப் பற்றி உங்கள் இருவருக்கும் தீராத வழக்கு. உங்கள் குவாட்டர்பேக், அதாவது அணிக்காகப் பந்தை எறிகிறவர், டுவா டகோவைலோவா; எறிதலுக்கான மதிப்பெண்ணாகிய பாஸ் ரேட்டிங் 199.4. அவருடைய குவாட்டர்பேக் கைலர் மரே, 199.2. நீங்கள் அந்த எண்ணைக் காட்டினால் அவர் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதைக் காட்டுகிறார். அவர் விருதைக் காட்டினால் நீங்கள் சீசன் முடிவில் இரு அணிகளும் மோதிய ஆரஞ்சு பௌல் போட்டியின் ஸ்கோரைக் காட்டுகிறீர்கள்: அலபாமா 45, ஓக்லஹோமா 34. புள்ளிவிவரம் யார் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எந்த அணியின் தாக்குதல் ஆட்டம் அதிகம் சாதித்தது என்பது ஒன்று. அந்தச் சாதனையில் பந்தை எறிந்தவனின் பங்கு எவ்வளவு என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் உறுதியாகப் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள், என்னையும் சேர்த்து.

பிழைப்புக்கு நான் பார்ப்பது காப்பீட்டுக் கணக்கு. விபத்து நடந்த பிறகு அதில் ஓட்டுநரின் குற்றம் எவ்வளவு, சாலையின் குற்றம் எவ்வளவு, மழையின் குற்றம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. அமெரிக்கா வந்த புதிதில் சனிக்கிழமைகளில் பொழுது போகாமல் பார்க்கத் தொடங்கிய கால்பந்தையும் அதே கண்ணோடுதான் பார்த்தேன். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வோர் ஆட்டத்தையும் (போட்டிக்குள் பந்து ஒரு முறை நகரத் தொடங்கி நிற்கும்வரை நடப்பதைத்தான் இங்கே ஆட்டம் என்கிறேன்) வரி வரியாக எழுதுவேன்: எத்தனையாவது டவுன் (10 யார்டு நகர்த்தக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் எத்தனையாவது), இன்னும் எத்தனை யார்டு வேண்டும், ஸ்கோர் என்ன, பந்து எங்கே முடிந்தது. இந்தப் பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. செய்தித்தாளில் வரும் பாக்ஸ் ஸ்கோர் என்ற புள்ளிவிவரச் சுருக்கத்துக்கும் என் நோட்டுக்கும் கூட்டுத்தொகை ஒன்றாகவே வரும், ஆனால் இரண்டும் வேறு வேறு கதையைச் சொல்லும்.

உங்கள் 199.4-லிருந்தே தொடங்குவோம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு இந்த ரேட்டிங்கை 1979-இல், அந்தக் காலத்துச் சராசரி ஆட்டக்காரர் 100-ஐ ஒட்டி வரும்படி அமைத்தது. கணக்கு எளிது. பாஸில் கிடைத்த மொத்த யார்டுகளை 8.4-ஆல் பெருக்க வேண்டும். எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளியாகும் ஒவ்வொரு டச்டவுன் பாஸுக்கும் 330, பிடிபட்ட ஒவ்வொரு பாஸுக்கும் 100 கூட்ட வேண்டும். எதிரணி பறித்துக்கொண்ட ஒவ்வொரு பாஸுக்கும் (இன்டர்செப்ஷன்) 200 கழிக்க வேண்டும். வந்ததை எறிந்த தடவைகளால் வகுத்தால் ரேட்டிங். டுவா அந்த சீசனில் 355 முறை எறிந்தார், 245 பிடிபட்டன, 3,966 யார்டு, 43 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். மரே 377 முறை எறிந்தார், 260 பிடிபட்டன, 4,361 யார்டு, 42 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள், 199.4-உம் 199.2-உம் வரும்.

இப்போது டுவாவின் 43 டச்டவுன்களில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிடித்தவனை எல்லைக் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் யாரோ கணுக்காலைப் பிடித்து வீழ்த்திவிட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் ஓட்டக்காரரான ரன்னிங் பேக் பந்தோடு உள்ளே விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அணிக்குக் கிடைத்த புள்ளிகளில் மாற்றமே இல்லை. டுவா எறிந்த எறியிலும் மாற்றமில்லை. ஆனால் அவர் ரேட்டிங் 198.5 ஆகிவிடும், மரே முன்னால் போய்விடுவார். கீழே விழுந்த ஒரு பாஸ் யாருடைய கையிலோ பட்டு எதிரணி வசம் போயிருந்தாலும் 198.9-தான். ஆக, நீங்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்த 0.2 என்பது ஒரு கணுக்கால்.

எடைகளை மாற்றினாலும் வரிசை மாறுகிறது. 330-ஐ 8.4-ஆல் வகுத்தால் ஒரு டச்டவுனுக்கு ஏறத்தாழ 39 யார்டு மதிப்பு; இன்டர்செப்ஷனுக்கு 24 யார்டுகூட முழுதாகத் தண்டனை இல்லை. பந்தையே எதிரணியிடம் கொடுத்துவிடுவதற்கு இது மிகவும் மலிவான தண்டனை என்பது என் கருத்து. ஆய்வு செய்கிறவர்கள் பலரும் அப்படியே நினைக்கிறார்கள். அவர்கள் விரும்பும் இன்னொரு சூத்திரத்தில் டச்டவுனுக்கு 20 யார்டு கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 யார்டு கழித்து, எறிந்த தடவைகளால் வகுப்பார்கள். அதில் மரேக்கு 13.0, டுவாவுக்கு 12.8. அதே ஆட்டங்கள், அதே பந்துகள், முதலிடம் மட்டும் இடம் மாறிவிட்டது. பிடிபட்ட சதவீதத்தையும் பாருங்கள்: 260-ஐ 377-ஆல், 245-ஐ 355-ஆல் வகுத்தால் இரண்டும் 69.0. இந்த அளவு மாதிரிக்குத் திட்டப்பிழையே (தற்செயலால் மட்டும் வரக்கூடிய ஏற்ற இறக்கம்) ஏறக்குறைய 2.4 சதவீதப் புள்ளி வரும். ஒவ்வொரு பாஸும் தனித்தனி நாணயச் சுண்டல் இல்லை என்பதால் இந்தக் கணக்கு தோராயம்தான். ஆனாலும் செய்தி தெளிவு: பாஸ் எறிவதில் இருவரையும் பிரித்துக்காட்டும் சக்தி இந்த எண்களுக்கு இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

எண்ணில் ஏறாமல் போகிறவை அதைவிட முக்கியமானவை. உங்கள் நெஞ்சில் பதிந்த போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரி 8, அட்லாண்டா, ஜார்ஜியாவுக்கு எதிரான முந்தைய சீசனின் இறுதிப்போட்டி. கூடுதல் நேரத்தில் ஜார்ஜியா 23-20 என்று முன்னால் இருக்கிறது. டுவா 25 யார்டு கோட்டில் பந்தை வாங்கி, எறியாமல், பின்னால் பின்னால் ஓடி, 16 யார்டு பறிகொடுத்து விழுகிறார். பந்தை வெளியே வீசியிருந்தால் ஒரு யார்டும் போயிருக்காது. அனுபவமில்லாத பையன் செய்யும் தவறு அது. அடுத்தது இரண்டாவது டவுன், 26 யார்டு தேவை. இடப்பக்கம் 41 யார்டு தூரத்தை ஒரே வீச்சில் டெவான்டா ஸ்மித்தின் கையில் போடுகிறார். போட்டி முடிந்தது, 26-23. எறிவதற்குள் குவாட்டர்பேக்கை இப்படி வீழ்த்துவதற்கு சாக் என்று பெயர்; கல்லூரிக் கணக்கில் அது ஓட்டத்தில் சேரும். எனவே அந்த 16 யார்டு இழப்பு அவருடைய ஓட்டக் கணக்கில் போய் ஒளிந்துகொண்டது. பாஸ் ஏட்டில் இருப்பது ஒரு முயற்சி, 41 யார்டு, ஒரு டச்டவுன் மட்டும். இரண்டு ஆட்டங்களில் அணி நகர்ந்தது 25 யார்டுதான். ஏடு சொல்வது 41. ரேட்டிங்கைப் பொறுத்தவரை அந்த சாக் நடக்கவே இல்லை. தொழில்முறை லீக்கில் சாக் இழப்பை அணியின் பாஸ் யார்டுகளில் கழிக்கிறார்கள். கல்லூரியில் அது இல்லை. எனவே கல்லூரி ரேட்டிங்கை மட்டும் வைத்துப் பேசினால் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்று அடி வாங்குகிறவருக்கு எப்போதும் சலுகை.

இதே கணக்கு மரே விஷயத்தில் தலைகீழாக வேலை செய்கிறது. அவர் 2018-இல் ஓடியது 140 முறை, 1,001 யார்டு, 12 டச்டவுன். அந்த 1,001 என்பது சாக் இழப்பையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது. காலால் அவர் உண்மையில் சம்பாதித்தது அதற்கும் மேல். டுவாவின் ஓட்டம் 57 முறை, 190 யார்டு, 5 டச்டவுன். எறிந்ததையும் ஓடியதையும் ஒன்றாகச் சேர்த்தால் மரே 517 ஆட்டங்களில் 5,362 யார்டு, அதாவது ஆட்டத்துக்கு 10.4. டுவா 412 ஆட்டங்களில் 4,156 யார்டு, 10.1. சராசரி கிட்டத்தட்டச் சமம்தான், சுமை சமமில்லை. ஓக்லஹோமா 14 போட்டிகள் ஆடியது, அலபாமா 15. ஒரு போட்டிக்கு மரே ஏறத்தாழ 37 ஆட்டங்களைத் தாமே முடித்தார். டுவா 27 அல்லது 28. பாரம் கூடக்கூடச் சராசரி குறைவதுதான் வழக்கம், ஏனென்றால் எதிரணி உங்களையே குறிவைக்கும். கூடுதல் சுமையோடு சராசரியைக் கீழே விடாமல் வைத்திருப்பதற்கு நான் தனி மதிப்பெண் போடுவேன்.

டுவா ஏன் குறைவாக ஆடினார் என்றும் கேட்க வேண்டும். அவர் குற்றமில்லை. அலபாமா அந்த சீசனில் எதிரணிகளை மூன்றாவது கால்பகுதிக்குள்ளேயே கதை முடித்துக்கொண்டிருந்தது. நான்காவது கால்பகுதியில் டுவா பெரும்பாலும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார். ஓக்லஹோமாவுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அதன் தடுப்பு அணி (எதிரணியிடம் பந்து இருக்கும்போது களமிறங்கும் ஆட்கள்) ஓட்டைப் பானை. டெக்சஸிடம் 48-45 என்று தோற்றதும் தடுப்புப் பயிற்சியாளர் மைக் ஸ்டூப்ஸை சீசன் நடுவிலேயே வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகும் டெக்சஸ் டெக்கை 51-46, ஓக்லஹோமா ஸ்டேட்டை 48-47, கேன்சஸை 55-40, மேற்கு வர்ஜீனியாவை 59-56 என்று வென்றார்கள். இப்படிப்பட்ட அணியில் குவாட்டர்பேக் கடைசி நிமிடம் வரை ஆடியே தீர வேண்டும். இதனால் மரேயின் மொத்த எண்கள் பெருத்தன என்பது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஆட்டம் இன்னும் யார் கையிலும் இல்லாதபோது சேர்ந்தவை என்பதும் உண்மை.

இனி அணிகளுக்கு வருகிறேன். உங்கள் நண்பர் ஓக்லஹோமா சராசரியாக 48.4 புள்ளி எடுத்தது, அலபாமா 45.6-தான் என்று சொல்லியிருக்கிறார். எண்கள் சரி, அளவுகோல் சரியில்லை. ஒரு போட்டிக்கு இத்தனை புள்ளி என்பதில் தடுப்பு அணி எடுத்த புள்ளியும் கூடுதல் நேரப் புள்ளியும் கலந்திருக்கும். மேற்கு வர்ஜீனியாவுக்கு எதிரான அந்த 59-இல் இரண்டு டச்டவுன்களைப் போட்டது, ஊரே திட்டிய ஓக்லஹோமாவின் தடுப்பு அணி. கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். எத்தனை முறை பந்து கையில் வந்தது என்பதையும் அந்தச் சராசரி பார்ப்பதில்லை. 2018 செப்டம்பர் 22, நார்மனில் ராணுவக் கல்லூரி அணியோடு நடந்த போட்டியே இதற்கு நல்ல சாட்சி. ராணுவ அணி பந்தை எறிவதே அரிது. மூன்று யார்டு, நான்கு யார்டு என்று மாட்டு வண்டி வேகத்தில் ஓடி ஓடி, 44 நிமிடத்துக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஓக்லஹோமாவுக்குக் கிடைத்தது வெறும் 40 ஆட்டங்கள், எதிரணிக்கு 87. கூடுதல் நேரத்தில் 28-21 என்று தப்பித்தார்கள். 28 புள்ளி என்று பார்த்தால் ஓக்லஹோமாவின் தாக்குதல் அன்று படுத்துவிட்டது போலத் தோன்றும். கிடைத்த 40 ஆட்டங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. சாப்பாடு போடாதவர்கள் பசியைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது.

எனவே ஓர் ஆட்டத்துக்கு எத்தனை யார்டு என்று பாருங்கள். ஓக்லஹோமா 8.6. அலபாமா 7.8-ஐ ஒட்டி. ஒரு போட்டியில் அறுபத்தைந்து, எழுபது ஆட்டங்கள் நடக்கும் விளையாட்டில் 0.8 யார்டு என்பது பெரிய இடைவெளி. இன்னொரு நல்ல அளவுகோல், ஒவ்வோர் ஆட்டமும் வெற்றியா தோல்வியா என்று குறிப்பது: முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால் வெற்றி. கல்லூரிக் கால்பந்துப் புள்ளிவிவரங்களை எழுதும் பில் கானலி பரவலாக்கிய முறை இது. மூன்றாவது டவுனில் 12 யார்டு தேவைப்படும்போது 9 யார்டு எடுத்துக் கைதட்டு வாங்குகிறவர்களை இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். என் நோட்டில் கடைசிப் பத்தி இதற்காகவே ஒதுக்கப்பட்டது. ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறி.

அடுத்தது எதிரணிகளின் தரம். நீங்கள் சொன்ன வாதம் பழையது: ஓக்லஹோமா ஆடிய பிக் 12 என்ற அணிக் குழுமத்தில் தடுப்பு என்று ஒன்றே கிடையாது, அலபாமாவின் குழுமமான எஸ்இசி-யில் ஒவ்வொரு வாரமும் சுவரில் மோத வேண்டும். கிரிக்கெட்டில் தட்டையான ஆடுகளத்து சதத்துக்கும் பந்து எழும்பும் ஆடுகளத்து சதத்துக்கும் உள்ள வேறுபாடு மாதிரி. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதிதான். அந்த நவம்பர் நடுவில் ஓக்லஹோமா கேன்சஸோடு ஆடிய அதே நாளில் அலபாமா ஆடியது ஒரு படி கீழான பிரிவைச் சேர்ந்த சிட்டடெல் அணியோடு. இடைவேளையில் 10-10, முடிவில் 50-17. அந்த யார்டுகளும் டுவாவின் 3,966-க்குள் இருக்கின்றன. ஓக்லஹோமா அந்த ஆண்டு கீழ்ப் பிரிவு அணி எதனோடும் ஆடவில்லை. தவிர, பிக் 12 தடுப்பு அணிகள் பலவீனமாகத் தெரிந்ததற்கு அவை ஓக்லஹோமா போன்ற தாக்குதலைச் சந்தித்ததும் ஒரு காரணம். காரணமும் விளைவும் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டிருக்கும் இடம் இது. 130 அணிகளின் முடிவுகளையும் ஒன்றாகப் போட்டுச் சமன்பாடுகளாகத் தீர்த்து எதிரணிக்கேற்பத் திருத்தும் முறைகள் இருக்கின்றன. நானும் செய்து பார்த்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், இரண்டு குழுமங்களும் சீசனில் ஒன்றோடொன்று ஆடும் போட்டிகள் மிகக் குறைவு. மொத்தத் திருத்தமும் அந்தச் சில போட்டிகளின் மேல்தான் நிற்கிறது. இரண்டு மூங்கில் கழிகளில் ஒரு பந்தல்.

பொது எதிரணியை வைத்துச் சங்கிலி பின்னுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆரஞ்சு பௌலுக்கு முன்னால் இந்த இரண்டு அணிகளுக்கும் பொது எதிரணியே இல்லை. சங்கிலி வேண்டுமென்றால் இப்படிப் போகும்: அலபாமா ஜார்ஜியாவை 35-28 வென்றது, அதே ஜார்ஜியாவை டெக்சஸ் 28-21 வென்றது, டெக்சஸ் ஓக்லஹோமாவை ஒரு முறை வென்றது, இன்னொரு முறை 39-27 என்று அதனிடமே தோற்றது. இதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். நான் இளவயதில் நிரூபித்தும் இருக்கிறேன், ஒரு பிரியாணியை இழந்தும் இருக்கிறேன்.

நேருக்கு நேர் மோதிய அந்த ஒரு போட்டிக்கு எவ்வளவு எடை தருவது? 2018 டிசம்பர் 29, மயாமி அருகே. டுவா 27-க்கு 24 (27 எறிகளில் 24 பிடிபட்டன), 318 யார்டு, 4 டச்டவுன். நான் பார்த்த மிகச் சுத்தமான இரவுகளில் ஒன்று. மரே 37-க்கு 19, 308 யார்டு, 2 டச்டவுன், ஓட்டத்தில் 109 யார்டு, இன்னொரு டச்டவுன். அதுவரை மரேயின் ரேட்டிங் 205.7, டுவாவுடையது 202.3. அதாவது ஹைஸ்மன் வாக்காளர்கள் வாக்களித்தபோது மரேதான் முன்னால் இருந்தார். 2,167-க்கு 1,871 என்ற வாக்குப் புள்ளிகளில் அவர் வென்றதில் அநியாயம் ஒன்றுமில்லை. உங்கள் 199.4-க்கு 199.2 என்பது ஆரஞ்சு பௌலையும் அதற்குப் பிந்தைய போட்டியையும் சேர்த்த கணக்கு. ஆனால் ஆரஞ்சு பௌலில் மரே சந்தித்தது அலபாமாவின் தடுப்பு அணியை. டுவா சந்தித்தது ஓக்லஹோமாவின் ஓட்டைப் பானையை. அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் ஆடவே இல்லை. ஒருவர் களத்தில் இருக்கும்போது மற்றவர் பெஞ்சில் இருந்தார். இரண்டாவது கால்பகுதியில் 28-0 என்று ஆன பிறகு ஓக்லஹோமா ஓட்டத்தைக் குறைத்து எறிந்தே தீர வேண்டியிருந்தது. அது எறியும் என்று எதிரணிக்கும் தெரியும். மரே வழக்கமாகப் போட்டிக்கு 27 முறை எறிகிறவர், அன்று 37. அதே டுவா ஒன்பது நாள் கழித்து கிளெம்சனிடம் 44-16 தோல்வியில் இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தார். ஓர் இரவை வைத்து இவருக்கு முடிசூட்டினால் இன்னோர் இரவை வைத்து அதைக் கழற்றவும் வேண்டியிருக்கும்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆளையும் அணியையும் பிரிப்பதற்கு இயற்கையே ஒரு சோதனையை நமக்கு நடத்திக் காட்டியிருக்கிறது: ஜேலன் ஹர்ட்ஸ். இரண்டு அணிகளிலும் ஆடியவர். 2017-இல் அலபாமாவின் முதல் குவாட்டர்பேக், ரேட்டிங் 150.2. 2018-இல் டுவாவுக்குப் பின்னால் மாற்று ஆள். 2019-இல் ஓக்லஹோமாவுக்கு மாறினார், ரேட்டிங் 191.2, ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். ஓக்லஹோமாவில் அவருக்கு முன்னால் பேக்கர் மேஃபீல்ட் 2017-இல் 198.9, மரே 2018-இல் 199.2. மூன்று ஆண்டு, மூன்று வேறு ஆட்கள், மூவரும் உச்சத்தில். எனவே எல்லாம் பயிற்சியாளர் லிங்கன் ரைலியின் வித்தை, மரே அதில் ஏறி உட்கார்ந்தவர் மட்டுமே என்று சொல்லத் தோன்றும். 2015-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியில் முதலாண்டு மாணவராக மரே 121 முறை எறிந்து வாங்கிய ரேட்டிங் 109.2 என்பதையும் சேர்த்துக்கொண்டால் வாதம் இன்னும் கூர்மையாகும்.

ஆனால் பலரும் தாவிவிடும் ஒரு வரி நடுவில் இருக்கிறது. 2018-இல் அலபாமாவில் மாற்று ஆளாக ஹர்ட்ஸ் 70 முறை எறிந்தார்: 51 பிடிபட்டன, 765 யார்டு, 8 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன். ரேட்டிங் 196.7. ஓக்லஹோமா மண்ணை மிதிப்பதற்கு முன்பே 150 என்பது 197 ஆகிவிட்டது. அப்படியானால் ரைலிக்கு என்ன பங்கு? ஹர்ட்ஸ் வளர்ந்ததா, 2018-இல் அலபாமாவின் தாக்குதலை ஏற்று நடத்திய மைக் லாக்ஸ்லியின் திட்டமா, அல்லது ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், டெவான்டா ஸ்மித், ஜேலன் வாடல் என்ற நால்வரா? அந்த நால்வருமே பின்னால், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில் முதல் சுற்றிலேயே போனவர்கள். கல்லூரி அணியொன்றில் அப்படி நான்கு பேர் ஒரே நேரத்தில் பந்து பிடிக்க நிற்பது அபூர்வம். இதே அளவுகோலில் டுவா 199.4, அவர் மாற்று ஆள் 196.7 என்றால், டுவா அப்படி என்ன கூட்டினார் என்று உங்கள் நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 70 என்பது மிகச் சிறிய மாதிரி. அதிலும் பெரும்பகுதி ஆட்டம் கை மாறிய பிறகு, களைத்துப்போன எதிரணிகளுக்கு எதிராக எறிந்தவை. எல்லாமே அப்படி இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்: டிசம்பர் 1 அன்று ஜார்ஜியாவுக்கு எதிராக டுவா 25-க்கு 10 என்று தடுமாறிக் காயமும் பட்டபோது நான்காவது கால்பகுதியில் இறங்கி வென்றுகொடுத்தவர் இதே ஹர்ட்ஸ்.

மரே பக்கமும் தனியாள் இல்லை. அவருக்குப் பந்து பிடித்த மார்கீஸ் பிரௌனும் சீடீ லாம்பும் முதல் சுற்று ஆட்கள். எதிரணி அவர்மேல் பாயாமல் முன்னால் நின்று மறித்த வரிசை அந்த ஆண்டின் மிகச் சிறந்த வரிசை என்று ஜோ மூர் விருது வாங்கியது. அதிலிருந்து நால்வரை அடுத்த ஏப்ரலிலேயே தொழில்முறை அணிகள் எடுத்துக்கொண்டன. இந்த வரிசையில் நிற்பவர்களுக்குப் பாக்ஸ் ஸ்கோரில் ஒரு பத்திகூடக் கிடையாது என்பது இந்த விளையாட்டின் கணக்கெழுத்தில் உள்ள பெரிய அநீதி. மரேக்குப் பந்தை விட மூன்று நொடி கிடைத்ததென்றால் அந்த மூன்று நொடியை உழைத்துச் சம்பாதித்தவர்கள் அவர்கள்.

ஆக, என் தீர்ப்பு, அது எவ்வளவு உறுதி என்ற குறிப்போடு. 2018-இல் ஓர் ஆட்டத்துக்கு அதிகம் சாதித்த தாக்குதல் ஓக்லஹோமாவுடையது. எதிரணிகளுக்கு நியாயமான தள்ளுபடி கொடுத்த பிறகும் அது அலபாமாவுக்குக் கீழே இறங்காது என்று பந்தயம் கட்டுவேன். பாஸ் எறிவதில் இருவரும் சமம், 0.2 வைத்துப் பேசுகிறவர் கணக்கு தெரியாதவர். காலையும் சேர்த்தால் மரே ஒரு படி மேல். இது பத்துக்கு ஏழு என்ற அளவில் நான் நம்புவது. மரேயை அலபாமாவிலும் டுவாவை ஓக்லஹோமாவிலும் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எந்த எண்ணிலும் பதில் இல்லை. மரே 2019 தேர்வில் முதல் ஆளாகவும் டுவா 2020-இல் ஐந்தாவது ஆளாகவும் போனதைச் சான்றாகக் கொண்டுவராதீர்கள். டுவாவுக்கு இடையில் இடுப்பு முறிந்தது.

ஒரு சிறு துணுக்கு, ரேட்டிங்கைக் கும்பிடுகிறவர்களுக்காக. 2019-இல் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) அணியின் ஜோ பரோ 527 முறை எறிந்து, 60 டச்டவுனோடு 15 போட்டிகளையும் வென்று முடித்தார், ரேட்டிங் 202.0. அதே ஆண்டு, காயத்தால் நவம்பர் நடுவில் நின்றுபோன டுவாவின் ரேட்டிங் 252 முயற்சிகளில் 206.9. நீங்கள்கூட டுவா அந்த ஆண்டு பரோவைவிட மேல் என்று சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இதற்கு எதிர்முனையில் ஒஹையோ ஸ்டேட்டின் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ்: 2018-இல் 4,831 யார்டு, 50 டச்டவுன், மொத்தத்தில் நம் குவாட்டர்பேக்குகள் இருவரையும் தாண்டியவர். ஆனால் எறிந்தது 533 முறை, ரேட்டிங் 174.1. மொத்தம் ஒருவரைத் தூக்கும், சராசரி இன்னொருவரைத் தூக்கும்.

நீங்களே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்க விரும்பினால் ஆரஞ்சு பௌலின் ஆட்ட வரிசையை எடுத்து 28-0 வரை ஒரு கோடு கிழியுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாக டிக் போட்டு எண்ணுங்கள். இடைவேளையில் 31-10 என்றிருந்த அந்தப் போட்டியின் பிற்பாதியை மட்டும் பார்த்தால் ஓக்லஹோமா 24, அலபாமா 14. உங்கள் நண்பர் இதைக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடித்திருப்பது நல்லது. அவர் அடுத்து ஹர்ட்ஸ் பேச்சை எடுத்து 191.2-ஐ நீட்டுவார். 196.7 என்று திருப்பிச் சொல்ல உங்களுக்குக் கை துறுதுறுக்கும். சொல்லுங்கள், ஆனால் அது 70 எறிகளின் எண் என்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.